பீட்ரூட் சிவப்பா இருந்தா ரத்தம் ஊறிடுமா?

ரொம்ப நாளா கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஆபீஸ்ல ஆணி அதிகம். வீட்டுல குட்டிப் பொண்ணு ஒருத்தி வேற. இன்னிக்கு ஷட்டரைத் தூக்கினதுக்குக் காரணம் ஒரு கோபம். அதுல பாதி ஊர் மேல, மீதிப் பாதி என் மேலேயே. அதனால இந்தப் பதிவுல திட்டு வாங்கப் போற முதல் ஆள் நான்தான்.

நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். போன வருஷம் இதே கடையில "டப்பாவைத் தூக்கி எறி, ஆப்பிளை வேக வை" அப்படின்னு ஒரு பதிவு போட்டேன். குழந்தை உணவுன்னா வீட்டுல செஞ்சதுதான், பழமும் காய்கறியும் இருந்தாப் போதும், இயற்கை எல்லாத்தையும் பார்த்துக்கும்னு வீர வசனம். ஆப்பிள் கூழ், கேரட் கூழ், பீட்ரூட் கூழ்னு மூணு கிண்ணத்தை வரிசையா வச்சு போட்டோ வேற. "சூப்பர் தல", "ரிப்பீட்டே", "இதத்தான் எங்க பாட்டியும் சொன்னாங்க"ன்னு நீங்களும் வந்து கும்மிட்டுப் போனீங்க. எனக்கு ரெண்டு நாள் தலை கால் புரியலை.

பொண்ணுக்குப் பத்து மாசம் ஆனப்போ முகம் கொஞ்சம் வெளுத்த மாதிரி தெரிஞ்சது. சாப்பாட்டு மேல ஆசையே இல்லை. எப்பப் பாரு நைநைன்னு அழுகை. பல்லு முளைக்குதுன்னு நாங்களே தீர்ப்பு சொல்லிக்கிட்டோம். தடுப்பூசிக்குப் போனப்போ டாக்டரம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்துட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினாங்க. ஹீமோகுளோபின் 8.7. எந்த அளவுகோலை வச்சுப் பார்த்தாலும் அது ரத்தசோகைதான்.

"என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "டப்பா உணவே கிடையாது டாக்டர். எல்லாம் ஃப்ரெஷ். ஆப்பிள், பேரிக்காய், கேரட், பீட்ரூட், பருப்புத் தண்ணி."

"இதுல இரும்புச்சத்து எங்க சார் இருக்கு?"

"பீட்ரூட் குடுக்கறோமே டாக்டர்..."

"அது கலர் சார்."

அந்த மூணு வார்த்தைக்கு என்கிட்ட பதிலே இல்லை. பைக்ல திரும்பி வரும்போது தங்கமணி ஒரு வார்த்தை பேசலை. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதைத்தான் இங்க கொட்டப் போறேன். எதிர்க்கருத்து இருக்கறவங்க தாராளமா வாங்க, ஆனா முழுசாப் படிச்சுட்டு வாங்க.

1. சிவப்பா இருக்கறதெல்லாம் ரத்தம் இல்லை

தாய்ப்பால்ல இரும்புச்சத்து ரொம்பக் கம்மி. அது தாய்ப்பாலோட குறை இல்லைங்க. குழந்தை பிறக்கும்போதே அம்மா வயித்துல இருந்து ஒரு சேமிப்பு எடுத்துக்கிட்டுத்தான் வருது, முதல் ஆறு மாசம் பெரும்பாலும் அதை வச்சு ஓட்டிடும். ஆறு மாசத்துக்கு அப்புறம் கணக்குல பணம் தீர்ந்து போச்சு. வெளியில இருந்து போட்டாகணும். "ஆறு மாசத்துல திட உணவு"ன்னு சொல்றதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்த நேரத்துல நான் என்ன போட்டேன்? ஆப்பிள். 100 கிராம் ஆப்பிள்ல இரும்பு கிட்டத்தட்ட 0.1 மில்லிகிராம். பீட்ரூட்ல சுமார் 0.8. மாதுளையில அதைவிடக் குறைவு. 7 மாசத்துல இருந்து 12 மாசம் வரை குழந்தைக்கு ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் வேணும்னு அமெரிக்காக்காரங்க சொல்றாங்க. நம்ம இந்தியக் கணக்கு அதைவிடக் குறைவுதான். ஆனா எந்தக் கணக்கை எடுத்துக்கிட்டாலும் ஆப்பிள் தேறாதுங்க. ஃபெயில்தான். மாதுளை ஜூஸ் குடிச்சா ரத்தம் ஊறும், பீட்ரூட் தின்னா ரத்தம் ஊறும்னு நாம நம்பறதுக்கு ஒரே ஆதாரம் அதோட நிறம். அந்தக் கணக்குல பார்த்தா தக்காளி சாஸ் குடுத்தாலும் ரத்தம் ஊறணுமே?

இது என் வீட்டுக் கதை மட்டும்னு நினைக்காதீங்க. 2019-21ல எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, இந்தியாவுல 6 மாசத்துல இருந்து 59 மாசம் வரை உள்ள குழந்தைகள்ல 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம்ம தமிழ்நாட்டுல 57.4 சதவீதம். நாம ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சத்துணவுன்னு எல்லாத்துலயும் முன்னோடின்னு காலரைத் தூக்கி விட்டுக்கற மாநிலம். ரெண்டு குழந்தையில ஒண்ணுக்கு மேல ரத்தசோகை. ரத்தசோகைன்னா முகம் வெளுக்கறது மட்டும் இல்லை. மூளை வேகமா வளர்ற வயசுல இரும்பு பத்தலைன்னா, கத்துக்கற திறன்லயே அடி விழலாம். அதனாலதான் இவ்வளவு கத்தறேன்.

2. கேரட் கூழும் பருப்புத் தண்ணியும்

அடுத்து, சக்தி. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு இது: தாய்ப்பால் குடிக்கற குழந்தைக்கு, பாலுக்கு மேல 6-8 மாசத்துல ஒரு நாளைக்கு சுமார் 200 கலோரி வேணும். 9-11 மாசத்துல 300. ஒரு வயசுக்கு அப்புறம் 550.

100 கிராம் கேரட்ல சுமார் 40 கலோரி. ஆக 200 கலோரிக்கு அரைக் கிலோ கேரட். எட்டு கிலோ எடையுள்ள குழந்தையோட வயித்துல ஒரு வேளைக்குச் சுமார் 240 மில்லிதான் பிடிக்கும், அதாவது ஒரு பெரிய டம்ளர். அதுக்குள்ள அரைக் கிலோ கேரட்டை எங்க வைப்பீங்க? பூசணிக்காய் இன்னும் மோசம், 100 கிராமுக்கு 26 கலோரி. குழந்தை வயிறு ரொம்பிடும், தூங்கிடும், நாமளும் "நல்லாச் சாப்பிட்டான்"னு சந்தோஷப்படுவோம். எடை மட்டும் ஏறாது.

பருப்புத் தண்ணி இருக்கே, அது இதுக்கெல்லாம் அண்ணன். பருப்பை வேக வச்சு, மேல நிக்கற தண்ணியை மட்டும் வடிச்சுக் குழந்தைக்குக் குடுத்துட்டு, அடியில இருக்கற பருப்பை நாம சாம்பார் வச்சுச் சாப்பிடறோம். யாருக்கு சத்து போகுதுன்னு நீங்களே சொல்லுங்க. அரிசிக் கஞ்சித் தண்ணி, காய்கறி சூப் எல்லாம் இதே ஜாதிதான். கரண்டியில எடுத்துக் கவுத்தா ஒழுகி ஓடாம ஒட்டிக்கிட்டு நிக்கணும், அதுதான் குழந்தைச் சாப்பாடு.

இன்னொண்ணு, மிக்ஸி. எட்டு மாசத்துக்கு மேலயும் எல்லாத்தையும் மிக்ஸியில போட்டு மையா அரைச்சுக் குடுக்கறாங்க. ஆறாம் மாசம் மசிச்சது, எட்டாம் மாசம் கையில பிடிச்சுச் சாப்பிடற மாதிரி மெத்துனு வெந்த துண்டு, ஒரு வயசுல வீட்டுச் சாப்பாடுன்னு படிப்படியாப் போகணும். மெல்லப் பழகாத குழந்தைதான் ரெண்டு வயசுல சோத்தைக் கண்டா ஓங்கரிக்குது. அப்புறம் செல்போன்ல பாட்டுப் போட்டு ஏமாத்தி ஊட்ட வேண்டியதுதான்.

3. அப்போ டப்பாதான் சரியா?

"பார்த்தியா, டப்பாக்காரங்களுக்குக் கொடி பிடிக்க ஆரம்பிச்சுட்டான்"னு யாரோ பின்னூட்டம் தட்ட ஆரம்பிச்சிருப்பீங்க. பொறுங்கண்ணே.

டப்பாவுல ஒரு நல்ல விஷயம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. இரும்புச்சத்து சேர்த்திருக்காங்க. அதைத் தவிர நாம காசு குடுத்து என்ன வாங்கறோம்? 2024 ஏப்ரல்ல சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பப்ளிக் ஐ அமைப்பும் சர்வதேச குழந்தை உணவு நடவடிக்கை வலையமைப்பும் சேர்ந்து ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. இந்தியாவுல விக்கற நெஸ்லேயோட செரிலாக்ல ஒரு வேளைக்குக் கிட்டத்தட்ட 3 கிராம் சர்க்கரை சேர்த்திருக்கு, அதே கம்பெனி ஜெர்மனியிலயும் பிரிட்டன்லயும் விக்கறதுல சேர்க்கலைன்னு சொன்னாங்க. சட்டத்துக்கு உட்பட்டுத்தான் செய்யறோம், அஞ்சு வருஷத்துல 30 சதவீதம் வரை குறைச்சிருக்கோம்னு கம்பெனி பதில் சொன்னது. அந்த வருஷக் கடைசியில சுத்திகரிச்ச சர்க்கரை இல்லாத வகைகளையும் அறிவிச்சது. நல்லது. ஆனா என் கேள்வி, அங்க முதல்லயே முடிஞ்சது, இங்க மானம் போன பிறகுதான் முடியுமா?

இந்த நாட்டுல 1992லயே ஒரு சட்டம் வந்தாச்சு. 2003ல திருத்தி இன்னும் இறுக்கினாங்க. ரெண்டு வயசுக்குள்ள உள்ள குழந்தைக்கான டப்பா உணவுக்கு விளம்பரமே செய்யக் கூடாது, இலவச சாம்பிள் குடுக்கக் கூடாது. ஆனா நாம என்ன செய்யறோம்? பிறந்தநாளுக்குப் போனா ஒரு டப்பா, குழந்தை பார்க்கப் போனா ஒரு டப்பா. விளம்பரக்காரன் செய்ய முடியாததை நாம ஓசியில செஞ்சு குடுக்கறோம்.

இதுல புதுசா ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு. இருபது, முப்பது தானியம் போட்ட "ஹோம்மேட்" சத்துமாவு பாக்கெட். முந்திரி, பாதாம், பிஸ்தா, அக்ரூட் எல்லாம் உண்டு. முதல் தடவை சாப்பிட்ட குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிச்சுதுன்னு வைங்க, முப்பதுல எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? புது உணவை ஒவ்வொண்ணா, ரெண்டு மூணு நாள் இடைவெளி விட்டுக் குடுக்கறது அதுக்குத்தான்.

4. பாட்டி சொன்னா எல்லாம் வேதமா?

"எங்க பாட்டி பத்துப் பெத்தாங்க, எல்லாரையும் இப்படித்தான் வளர்த்தாங்க." இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. பத்துப் பெத்த பாட்டிகிட்ட எத்தனை தங்கினதுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. எங்க பாட்டி ஏழுல நாலைத்தான் கரை சேர்த்தாங்க. மீதி மூணைப் பத்திக் கேட்டா முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு அடுப்படிக்குள்ள போயிடுவாங்க. 1971ல இந்தியாவுல பிறந்த 1000 குழந்தைகள்ல 129 முதல் பிறந்தநாளைப் பார்க்கலை. 2020ல அது 28 ஆச்சு. தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், சுத்தமான தண்ணின்னு இதுக்கு நிறையக் காரணம் உண்டு. ஆனா "அந்தக் காலம் பொற்காலம்"னு மட்டும் சொல்லாதீங்க சாமி.

சேனை வைக்கறேன்னு பிறந்த குழந்தை நாக்குல தேன் தடவறது இன்னிக்கும் நடக்குது. தேன்ல பொட்டுலிசம் உண்டாக்கற கிருமியோட வித்து இருக்கலாம். நமக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு வயசுக்குள்ள குழந்தைக்கு உயிரே போகலாம். சுத்தமான மலைத்தேன்னாலும் இதே கதைதான். அப்புறம் டீயில முக்கின பிஸ்கட். டீ, சாப்பாட்டுல இருக்கற கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்புல சேர விடாமத் தடுக்கும். ஒரு வயசுக்கு முன்னாடி பசும்பாலைப் பிரதான ஆகாரமாக் குடுக்கறதும் ரத்தசோகைக்கு நேர்வழி.

பாட்டிகிட்ட சரியான விஷயமும் இருந்தது, அதை நாமதான் "நாகரிகம்"னு விட்டுட்டோம். பருப்புஞ்சாதத்துல நெய் விட்டு விரலால பிசைஞ்சு ஊட்டினாங்க. கேழ்வரகை முளைகட்டி, காய வச்சு, அரைச்சு, துணியில சலிச்சுக் கூழ் காய்ச்சினாங்க. முளைகட்டினா இரும்பைத் தடுக்கற பைட்டேட் குறையுது, இன்னிக்கு அறிவியலும் அதைத்தான் சொல்லுது. ரத்தம் கம்மியா இருந்தா ஆட்டுச் சுவரொட்டி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அதுல உண்மையிலேயே இரும்பு கொட்டிக் கிடக்கு. பாட்டியோட சுவரொட்டியை விட்டுட்டுச் சேனையை மட்டும் பிடிச்சுக்கிட்டோம் பாருங்க, அங்கதான் நிக்கறோம் நாம.

5. சரி, என்னதான் செய்யணும்?

குறை மட்டும் சொல்லிட்டு ஓடறவன் நான் இல்லை. இப்ப எங்க வீட்டுல ஓடறது இதுதான்:

ரெண்டு மேஜைக்கரண்டி அரிசி, ஒரு மேஜைக்கரண்டி பாசிப்பருப்பு. கழுவி, ஒரு துண்டு பூசணியோ கேரட்டோ கொஞ்சம் கீரையோ போட்டு, சின்னக் கிண்ணத்துல தண்ணி ஊத்தி, வீட்டுச் சோறு வைக்கற குக்கருக்குள்ளயே வச்சுடறது. தனி அடுப்பு, தனி மெஷின் எதுவும் வேண்டாம். வெந்ததும் கரண்டியால மசிச்சு ஒரு ஸ்பூன் நெய். உப்பு, சர்க்கரை ரெண்டும் ஒரு வயசு வரைக்கும் கிடையாது. (நாக்கு நமக்குத்தான் செத்துப் போச்சு, அதுக்கு இல்லை.) கணக்குப் போட்டுப் பாருங்க, இதுலயே சுமார் 200 கலோரி வந்துடும். ஏழெட்டு மாசக் குழந்தைக்கு ரெண்டு மூணு வேளையாப் பிரிச்சுக் குடுத்தா அன்னிக்குத் தேவை முடிஞ்சது. வயசு ஏற ஏற அளவும் ஏறணும்.

கூட, நல்லா வெந்த முட்டை. மீன்னா முள் இல்லாமப் பார்த்து உதிர்த்தது. வாரம் ஒரு தடவை கொஞ்சமா ஈரல் அல்லது சுவரொட்டி, நல்லா வேக வச்சுத் துருவினது. சைவக்காரங்க பருப்பு, பயறு, கேழ்வரகு, கீரையை நம்பணும். ஆனா தாவரத்துல இருக்கற இரும்பு உடம்புல அவ்வளவு சுலபமாச் சேராது. அதுக்குத்தான் பழம்! மசிச்ச சோத்துல ரெண்டு சொட்டு எலுமிச்சை, இல்லாட்டி விதை எடுத்த கொய்யாவோ ஆரஞ்சோ சாப்பாட்டோட குடுத்தா, வைட்டமின் சி அந்த இரும்பைச் சேர வைக்கும். நான் பழத்துக்கு எதிரி இல்லைங்க. பழமும் காயும் கட்டாயம் வேணும், ஆனா அது துணை. துணையையே சாப்பாடாக்கினது என் தப்பு.

மீந்து போனதை அறை வெப்பத்துல ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. எச்சில் ஸ்பூன் பட்டதை மறுவேளைக்கு எடுத்து வைக்கவே வைக்காதீங்க. நம்ம ஊர் வெயில்ல அது விஷம்.

அப்புறம் அரசாங்கம் குடுக்கற இரும்பு சிரப். 2018ல தொடங்கின ரத்தசோகை இல்லா பாரதம் திட்டத்துல, 6 மாசத்துல இருந்து 59 மாசம் வரை வாரம் ரெண்டு தடவை 1 மில்லி. எங்க வீட்டுலயும் அந்த பாட்டில் வந்தது. "கெமிக்கல்"னு சொல்லி அலமாரி மேல ஏத்தி வச்சது யாருன்னு நினைக்கறீங்க? இந்தப் பதிவை எழுதற அதே அறிவாளிதான்.

6. "வீட்டுலயே செய்ங்க" - யாரு செய்யறது?

கடைசியா ஒரு உள்குத்து, இல்லை, நேர்க்குத்தே. வீட்டுல செஞ்ச குழந்தை உணவைப் பத்தி என்னை மாதிரி ஆம்பளைங்கதான் வரிஞ்சு கட்டிக்கிட்டு எழுதறோம். அந்தப் பழைய பதிவுல இருந்த மூணு கிண்ணத்தையும் செஞ்சது தங்கமணி. நான் போட்டோ எடுத்தேன்.

2017 திருத்தத்துக்கு அப்புறம் தனியார் வேலையில இருக்கற பெண்ணுக்கு முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் மகப்பேறு விடுப்பு. 26 வாரம்னா ஆறு மாசம். அதாவது குழந்தை முதல் வாய் சோறு சாப்பிடற வாரம் அம்மா ஆபீஸ் போயாகணும். பிரசவத்துக்கு முன்னாடியே கொஞ்சம் எடுத்திருந்தா அதுக்கும் முன்னாடியே. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021ல இருந்து 12 மாசம், அவங்க பிழைச்சாங்க. கூலி வேலைக்குப் போற பெண்ணுக்கு நிலைமை என்னன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா? அவங்க கையில அஞ்சு நிமிஷத்துல கலக்கற டப்பா இருக்கறதைப் பார்த்து "சோம்பேறி"ன்னு சொல்ற யோக்கியதை எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. அந்தக் குக்கருக்குள்ள கிண்ணத்தை வைக்க ஆம்பளைக் கை சுட்டுடாது. அரிசி கழுவறதுல இருந்து எச்சில் கிண்ணம் கழுவற வரைக்கும் செஞ்சுட்டு, அப்புறம் இயற்கை உணவு பத்திப் பதிவு போடுவோம்.

மூணு மாசம் ஆச்சு. டாக்டர் எழுதின மருந்தும் மேல சொன்ன சாப்பாடுமா, போன வாரம் எடுத்ததுல ஹீமோகுளோபின் 11.3. இப்ப தட்டுல கையை விட்டு அளைஞ்சு, பாதியைத் தலையில தேச்சுக்கிட்டு, மீதியைச் சாப்பிடறா. காலைச் சாப்பாடு என் டிபார்ட்மெண்ட். தினமும் பத்து நிமிஷம் லேட்டாத்தான் ஆபீஸ் போறேன்.

அந்தப் பழைய பதிவை அழிக்கலை. மேல சிவப்பு எழுத்துல "இது தப்பு" அப்படின்னு போட்டு, இந்தப் பதிவுக்குச் சுட்டி குடுத்திருக்கேன். அன்னிக்கு "ரிப்பீட்டே" போட்ட நண்பர்கள் இன்னிக்கும் ஒரு தடவை போட்டுட்டுப் போங்க :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். உங்க குழந்தை வெளுத்துத் தெரிஞ்சா பின்னூட்டத்துல கேக்காதீங்க, டாக்டர்கிட்டக் காட்டுங்க. ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைதான். பீட்ரூட்டை வீட்டுப் பெரியவங்க பொரியல் பண்ணிச் சாப்பிடலாம், அதுக்கு ஆட்டோ அனுப்பாதீங்க!